சன்னாசி வண்டியின் சூடு

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு இந்த மலையப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. பைய மடியில சுமந்துக்கிட்டு இருக்காதீங்க, கீழ வைங்க. வண்டி இப்போதைக்கு நகராது. மேல வளைவுல மண்ணு சரிஞ்சு ரோட்ட மூடிருச்சாம், கண்டக்டர் எறங்கிப் போயி பாத்துட்டு வந்து சொல்றாரு. மெஷின் வந்து அள்ளணும். ரெண்டு மணி நேரம்னு வைங்களேன்.

பூப்பாறைக்கா போறீங்க? நானும் அந்தப் பக்கந்தான். அங்க ஒரு ஒர்க்‌ஷாப்புல ஆள் வேணும்னாய்ங்க. நான் மெக்கானிக்கு. சீனிராசுன்னு பேரு. ஜீப்பு மெக்கானிக்கு, முப்பத்தோரு வருசம். போடியில ஜீப்பு ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல நம்ம ஷெட்டு. நீங்க அங்க போயி என் பேரச் சொல்லிக் கேட்டீங்கன்னா... வேணாம், இப்பக் கேக்காதீங்க. ஆடி மாசத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பாய்ங்க. இப்பக் கேட்டா காறித் துப்புவாய்ங்க.

உண்மையச் சொன்னதுக்குத் தம்பி. பொய் சொன்னதுக்கு இல்ல. உண்மையச் சொன்னதுக்கு.

காலையில ஆறு மணிக்கு இந்த ரோட்டுல வந்து நின்னு பாருங்க. வரிசையா ஜீப்பு போகும். ஒவ்வொண்ணுலயும் பன்னண்டு, பதினாலு பொம்பளைக. ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறவுக. மலை உச்சியில மெட்டு வரைக்கும் தார் ரோடு, அதத் தாண்டுனா தோட்டத்துப் பாதை. பாதைன்னு பேருதான், மழை பேஞ்சா ஓடையா கிடக்கும். அதுல நாலு சக்கரமும் இழுக்குற ஃபோர் வீல் வண்டி மட்டுந்தான் ஏறும். அந்த வண்டிக அம்புட்டும் நம்ம ஷெட்டுக்குத்தான் வரும். நான் கீழ படுத்து ஒரு கை வச்சாப் போதும், இன்ன எடத்துல இன்ன கோளாறுன்னு சொல்லிருவேன். பெருமைக்குச் சொல்லல. அப்படித்தான் இருந்துச்சு.

அதுல ஒரு வண்டிதான் சன்னாசி வண்டி. சொந்த வண்டி. ஒல்லியா, நெட்டையா இருப்பான், வாயில எப்பவும் ஒரு குச்சியக் கடிச்சுக்கிட்டு. அதிர்ந்து பேச மாட்டான். எட்டு வருசமா வண்டிக்கு நம்மகிட்டதான் வேல பாத்துக்கிட்டான். "அண்ணே அண்ணே"ன்னு உசுரா இருந்தான். நானும் அவன என் தம்பி மாதிரிதான் வச்சிருந்தேன். அப்படி இருந்தவன் ஒரு நா என்ன செஞ்சான் தெரியுமா? கிளட்சு போச்சுன்னு வண்டியத் தேனிக்குக் கொண்டு போயிட்டான்.

நான் அன்னைக்கு ஒரு சாவு வீட்டுக் கேதத்துக்குப் போயிட்டேன், ஷெட்டு பூட்டியிருந்துச்சு. ஒரு நா பொறுத்தா என்ன? ஒரு நா பொம்பளைகளுக்கு வேல போயிருமாம், அதான் போனானாம். சரி போனது போகட்டும். திரும்பி வந்து டீக்கடையில உக்காந்து சொல்லியிருக்கான். "தேனியில அந்த மெக்கானிக்கு சின்னப் பையன்தான், ஆனா வெரசா முடிச்சுட்டான். இதுக்கு முன்னாடி யாருப்பா கிளட்சு போட்டதுன்னு கேட்டுச் சிரிச்சான்." இதச் சொல்லியிருக்கான். சிரிச்சானாம். கடையில இருந்தவுகளும் சிரிச்சிருக்காய்ங்க. எனக்கு அதச் சொன்னவன் அப்படியே நடிச்சே காமிச்சான்.

நான் ஒண்ணுமே கேக்கல. என்னைக்காவது வருவான்ல, அப்பப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

பத்து நாள் கூட ஆகல தம்பி. வந்துட்டான். "அண்ணே, ஷாஃப்ட் சூடாகுதுண்ணே. கருகுன வாசம் வருது"ன்னு வந்து நிக்கிறான்.

உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். இஞ்சின் முன்னாடி இருக்குதுல்ல? அது சுத்துற சுத்தப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போறது ஒரு நீட்டுக் கம்பி, குழாய் மாதிரி இருக்கும். அதான் ஷாஃப்ட். வண்டி நடுவுல, ஆளுக கால் வைக்கிற தகட்டுக்கு அடியில ஓடும். முன் சக்கரத்துக்கு இன்னொண்ணு தனியா இருக்கு. பழைய ஜீப்புல ஹேண்ட்பிரேக் சக்கரத்துல இருக்காது. இந்தப் பின் ஷாஃப்ட்டோட தலமாட்டுல, இஞ்சின் பக்கத்து முனையில, ஒரு டிரம் இருக்கும், அதத்தான் கவ்விப் பிடிக்கும். புரியுதா? இப்ப ஷாஃப்ட் சூடாச்சுன்னா, எங்க சூடுன்னு பாக்கணும். அம்புட்டுத்தான் வித்தை. முன் ஷாஃப்ட் சூடுன்னா, டிரைவரு தார் ரோட்டுல ஃபோர் வீல எடுக்காம ஓட்டுறான்னு அர்த்தம். பின் ஷாஃப்ட்ல கால்மாட்டுல, சக்கரத்துப் பக்கம் சூடுன்னா அச்சுல கோளாறு. தலமாட்டுல கொதிச்சு கால்மாட்டுல சில்லுன்னு இருந்தா, ஹேண்ட்பிரேக் விடாமப் பிடிச்சுக்கிட்டு இருக்கு.

நான் வண்டிக்கு அடியில படுத்தேன். கை வச்சேன். தலமாட்டுல வைக்க முடியல. கால்மாட்டுல சில்லுன்னு இருந்துச்சு.

முடிஞ்சுபோச்சு. கை வச்ச உடனே தெரிஞ்சுபோச்சு. தேனிக்காரன் கிளட்சு போட கியர் பாக்ஸ எறக்கியிருக்கான், திரும்ப மாட்டுறப்ப ஹேண்ட்பிரேக்க முடுக்கி வச்சிட்டான். ஒரு ஸ்பேனரப் போட்டு ரெண்டு திருகு தளத்தி விட்டாப் போதும். பத்து நிமிச வேல.

எந்திரிச்சு உக்காந்தேன். சன்னாசி மொகத்தப் பாத்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தம்பி. "அண்ணே, நான் தேனிக்குப் போனது தப்புண்ணே." இம்புட்டுத்தான். நான் அந்த எடத்துலயே படுத்துத் தளத்தி விட்டிருப்பேன். டீ வாங்கிக் குடுத்து அனுப்பியிருப்பேன். அவன் சொல்லல. தேனிங்குற பேச்சையே எடுக்கல. "என்னண்ணே கோளாறு?"ன்னு மட்டும் கேட்டுக்கிட்டு நின்னான்.

"உனக்கு ஓட்டத் தெரியல"ன்னேன். "ஃபோர் வீலப் போட்டுக்கிட்டே தார் ரோட்டுல ஓடுற. அதான் சூடு." சுத்தி நாலு டிரைவருக நின்னாய்ங்க. "இல்லண்ணே, மெட்டுக்கு அங்கிட்டுத்தாண்ணே போடுறேன்"னான். "அப்ப நான் பொய் சொல்றனா?"ன்னேன். தலயக் குனிஞ்சுக்கிட்டான். "இனிமே பாத்து ஓட்டுறேண்ணே"ன்னு போயிட்டான்.

அன்னைக்குச் சாப்பிடுறப்ப வீட்டுல சொன்னேன். எங்க வீட்டுல என்ன சொன்னா தெரியுமா? "பொம்பளைக போற வண்டிங்க. சொல்லிருங்க"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்? மருவாதைன்னா என்னன்னு பொம்பளைகளுக்குத் தெரியாது. அவன் வரட்டும்னேன்.

வந்தான். நாலு நாள் கழிச்சு வந்தான். "இன்னும் சூடாகுதுண்ணே." கிரீஸ் இல்லன்னேன். கிரீஸ் துப்பாக்கிய அவன் கையிலயே குடுத்து, "படு, நீயே அடி"ன்னேன். வெயில்ல ஒரு மணி நேரம் படுத்து அடிச்சான். மூஞ்சியெல்லாம் கிரீஸு. அடுத்த வாட்டி வந்தப்ப, முன் டயரும் பின் டயரும் ஒரே அளவு இல்ல, அதான்னேன். பாவம், சம்மந்தக்காரன் வண்டியில இருந்து டயரக் கடன் கேட்டு மாட்டிக்கிட்டு வந்தான். அப்பவும் சூடு. எப்படிப் போகும்?

ஒவ்வொரு வாட்டியும் நான் அவனுக்கு எடங் குடுத்தேன் தம்பி. அத மறந்துராதீங்க. ஒவ்வொரு வாட்டியும் கேட்டேன், "இதுக்கு முன்னாடி யாரு கை வச்சா வண்டியில?"ன்னு. அவன் வாயத் தொறந்து சொல்லணும்ல? "நீங்கதாண்ணே எப்பவும் பாக்குறது"ம்பான். தேனிப் பேச்சு எடுத்தா நான் வருத்தப்படுவேன்னு நெனச்சானாம். பின்னாடி அவன் பொண்டாட்டி சொல்லித் தெரிஞ்சுச்சு. அட, நான் அதுக்குத்தானடா காத்துக்கிட்டு இருந்தேன்.

நாலாவது வாட்டி வந்தப்ப கொஞ்சம் வெளையாட்டாப் போச்சு. மலையில இருந்து எறங்குன கையோட நேரா வந்து நிப்பாட்டுறான். ஷெட்டுல ஏழெட்டுப் பேரு. நான் சொன்னேன், "சன்னாசி, சூடு சூடுங்குற, எம்புட்டுச் சூடு? அத வச்சுத்தான் கோளாறச் சொல்ல முடியும். உள்ள போயி அந்தத் தலமாட்டுல கையால இறுக்கிப் பிடி. நான் எண்ணுறேன். எத்தன வரைக்கும் பிடிக்கிறன்னு பாப்போம்." போயிட்டான். சொன்னதச் செய்யிறவன்தான? நான் மெதுவா எண்ணுனேன். ஒண்ணு. ரெண்டு. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒரு பீடியப் பத்த வச்சேன். எல்லாரும் சிரிக்கிறாய்ங்க. ஏழு வரைக்கும் பிடிச்சிருந்தான் தம்பி. வெளிய வந்தப்ப உள்ளங்கையில தோலு இல்ல. "ஏழுண்ணே"ன்னான். வலியில கண்ணு கலங்கிக்கிட்டு, "ஏழு வரைக்கும் பிடிச்சேண்ணே, இப்பச் சொல்லுங்கண்ணே"ங்குறான்.

எனக்கே என்னமோ மாதிரி ஆயிருச்சு. ஆனா அப்பச் சொன்னா என்ன நெனப்பாய்ங்க? இத்தன நாளு தெரிஞ்சே அலைய விட்டான்னு ஆயிரும்ல? அதனால, "ஷாஃப்ட்ட மாட்டுற க்ராஸ் தேஞ்சிருக்கு, புதுசு வாங்கிட்டு வா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். மறுநாள் கையில துணியச் சுத்திக்கிட்டு வண்டி ஓட்டிக்கிட்டுப் போனான். நான் ஷெட்டு வாசல்ல நின்னு பாத்தேன்.

இந்த எடத்துல ஒரு பொம்பளயப் பத்திச் சொல்லணும். போதுமணின்னு பேரு. வீட்டுல வரிசையாப் பொண்ணாப் பொறந்துச்சுன்னு அப்படிப் பேரு வச்சிருக்காய்ங்க. புருசன் விட்டுட்டுப் போயிட்டான். ஒரே மக, அபிராமி, பன்னண்டாவது படிச்சுக்கிட்டு இருந்துச்சு. போதுமணி சன்னாசி வண்டியில போறவ. வாய்னா வாயி, அம்புட்டு வாயி. ஜீப்பு கெளம்புறதுக்குள்ள ஸ்டாண்டயே சிரிக்க வச்சிருவா. முழங்கால் வலின்னு டிரைவருக்கு நேர் பின்னாடி, கால் நீட்டுற எடமாப் பாத்து உக்காருவா.

ஒரு நா காலையில வண்டி கெளம்புறதுக்கு முன்னாடி நேரா நம்ம ஷெட்டுக்கு வந்துட்டா. பின்னாடியே அஞ்சாறு பொம்பளைக. செருப்பக் கழட்டிக் காமிச்சா. அடி உருகிப் போயி இருந்துச்சு. குதிகால்ல கொப்பளம்.

"மெக்கானிக்கண்ணே, எனக்கு வண்டியப் பத்தி ஒரு எழவும் தெரியாது. ஆனா மூணு வாரமா அந்தச் சூட்டுல கால வச்சுக்கிட்டுப் போறவ நான்தான். கேட்டுக்கங்க. சூடு என் காலுக்குக் கீழ மட்டுந்தான். கடைசியில உக்கார்ற ஒச்சம்மாவுக்குச் சூடே இல்ல, நான் எடம் மாறி உக்காந்து பாத்துட்டேன். எறக்கத்துல கூட வண்டி உருள மாட்டேங்குது, மொரண்டு பிடிக்கிற மாடு மாதிரி நிக்கிது. யாரோ பின்னால இருந்து பிடிச்சு இழுக்குற மாதிரியே இருக்குண்ணே. எதையோ என்னமோ பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு தம்பி. இத்தன வருசம் படுத்துக் கத்துக்கிட்டத, இவ ஏலக்காய் பறிக்கிறவ, கால வச்சே சொல்லிப்புட்டா. ஒரு எழுத்து தப்பில்ல.

நான் என்ன சொன்னேன்? "அப்படியா ஆத்தா? அப்ப நாளையில இருந்து நீ இங்க வந்து ஸ்பேனரப் பிடி, நான் போயி ஏலக்காய் பறிக்கிறேன்"னேன். எல்லாரும் சிரிச்சாய்ங்க. அவ சிரிக்கல. "சிரிங்கண்ணே. சிரிச்சுட்டுப் பாத்துக் குடுங்க. சன்னாசி அண்ணன் கையப் பாக்கச் சகிக்கல"ன்னுட்டுப் போயி ஏறிக்கிட்டா. அதே எடத்துல. கோணிச் சாக்க மடிச்சுக் காலுக்கடியில போட்டுக்கிட்டு.

அது செவ்வாக் கெழமை. வெள்ளிக் கெழமை காலையில ஏழே காலுக்கு தோட்டத்துப் பாதையில, செங்குத்து ஏத்தத்துல, ஷாஃப்ட் தலமாட்டு க்ராஸ் ஒடைஞ்சு போச்சு. சூட்டுல உள்ள இருந்த கிரீஸெல்லாம் உருகி ஓடி, வறண்டு வறண்டு கடைசியில ஒடைஞ்சிருச்சு. ஒடைஞ்ச ஷாஃப்ட் சும்மா விழாது தம்பி. சுத்துற வேகத்துல சாட்டை மாதிரி அடிக்கும். அடிச்ச அடியில பிரேக் ஆயில் போற பைப்பு அறுந்துபோச்சு. கால் பிரேக் போயிருச்சு. ஹேண்ட்பிரேக்க இழுத்திருக்கான். அதுதான் சொன்னேன்ல, அது ஷாஃப்டத்தான் பிடிக்கும். ஷாஃப்டே கழண்டு தொங்குறப்ப பின் சக்கரத்த எப்படிப் பிடிக்கும்? முன் சக்கரம் சேத்துல வழுக்கிக்கிட்டுப் போகுது. வண்டி பின்னால உருள ஆரம்பிச்சிருச்சு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் முன்னூறு அடிப் பள்ளம்.

"குதிங்க குதிங்க"ன்னு கத்தியிருக்கான். பின்னாடி இருந்தவுக குதிச்சுட்டாக. அவனும் குதிச்சிருக்கலாம், கதவே இல்லாத ஜீப்புதான. குதிக்கல. திரும்பிப் பாத்துக்கிட்டே வளைச்சு மலைப் பக்கமா மோத விட்டிருக்கான். வண்டி சாஞ்சிருச்சு. அவன் வலது கால் அடியில மாட்டிக்கிச்சு. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாக. பதிமூணு பேரு பொழச்சாக. போதுமணிக்குத்தான் முழங்கால் வலியாச்சே, வெரசா எந்திரிச்சுக் குதிக்க முடியல. வண்டி அவ மேலதான் சாஞ்சது.

நான் கேதத்துக்குப் போனேன் தம்பி. மாலை வாங்கிக்கிட்டுத்தான் போனேன்.

வண்டியக் கட்டி இழுத்து வந்து நம்ம ஷெட்டு வாசல்லதான் போட்டாய்ங்க. போலீசு, கூட ஒரு ஆய்வு பண்ற அதிகாரி. அவரு புதுசு, பழைய ஜீப்பப் பத்தி அம்புட்டா தெரியல. "நீங்கதான் இங்க பெரிய ஆளுங்குறாங்க, நீங்களே பாத்துச் சொல்லுங்க"ன்னாரு. மருவாதை தெரிஞ்ச மனுசன். நான் படுத்தேன். டிரம்மு சூடு ஏறி நீலம் பாஞ்சு கெடந்துச்சு. எந்திரிச்சுச் சொன்னேன், "ஹேண்ட்பிரேக் பிடிச்சபடியே வண்டி ஓடியிருக்கு சார்"னு. அவரு, "அப்ப டிரைவரு ஹேண்ட்பிரேக்க எடுக்காமலே ஓட்டியிருக்காரு"ன்னு எழுதிக்கிட்டாரு. நான் தலயாட்டுனேன். நான் சொன்னதுல பொய் எங்க இருக்கு சொல்லுங்க? பிடிச்சபடிதான் ஓடுச்சு. அவரு எழுதுனதுக்கு நானா பொறுப்பு?

சன்னாசி மேல கேசு. லைசென்சும் போச்சு. அத விடுங்க, அவனே நம்பிட்டான் தம்பி, அதச் சொல்லணும். ஆஸ்பத்திரியில போயிப் பாத்தப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணே, நான்தான் கவனிக்காம ஓட்டியிருக்கேன். நீங்க எத்தன வாட்டி சொன்னீங்க, எனக்கு ஓட்டத் தெரியலன்னு. நான் கேக்கலண்ணே. ஒரு உசுரக் கொன்னுட்டேண்ணே"ன்னு அழுகுறான். "சரி விடு, நடந்தது நடந்துபோச்சு"ன்னு ஆறுதல் சொன்னேன்.

மூணு வருசம் அப்படியே கெடந்தான். போதுமணி மக படிப்ப நிப்பாட்டிட்டு, அம்மா போன தோட்டத்துக்கே வேலைக்குப் போக ஆரம்பிச்சிருச்சு. இவன் கட்டைய ஊண்டிக்கிட்டு அந்தப் புள்ள வீட்டு வாசல்ல போயி நின்னிருக்கான். சாணியக் கரைச்சு ஊத்தி வெரட்டியிருக்காக. அதுக்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே போறதில்ல. அவனுக்கு யாரும் வேல குடுக்கல. நான் குடுத்தேன் தம்பி! ஊரே மெச்சுச்சு. "சீனிராசு மாதிரி மனசு யாருக்கு வரும்"னாய்ங்க. ஷெட்டுல ஒரு ஓரமாத் தரையில உக்காந்து சாமான் கழுவிக் குடுப்பான். காலையில ஜீப்புக கெளம்புறப்ப அபிராமி இவனப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் துப்பும். தெனமும். இவன் தலயத் தூக்க மாட்டான், கழுவுனதையே கழுவிக்கிட்டு இருப்பான். பக்கத்துலதான் நான் நிப்பேன். நான் என்ன பண்ண முடியும்?

ஆடி மாசந்தான் வென வந்துச்சு. நான் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தேன். ஜக்கையன்னு ஒரு டிரைவரு, ஷாஃப்ட் சூடாகுதுன்னு வண்டியக் கொண்டு வந்திருக்கான். இவன் தவழ்ந்து அடியில போயிக் கை வச்சுப் பாத்திருக்கான். மூணு வருசம் கழுவிக் கழுவி எது எங்க இருக்குன்னு தெரிஞ்சு போச்சுல்ல. நான் திரும்பி வர்றேன், வண்டிக்கு வெளிய ஒரு காலும் ஒரு மொட்டைக் காலும் நீட்டிக்கிட்டு இருக்கு. ஜக்கையன், "அண்ணே, சன்னாசியே கண்டுபிடிச்சுட்டாண்ணே! ஹேண்ட்பிரேக்க முடுக்கி வச்சிருக்காம். ரெண்டு திருகு தளத்துனான், சரியாப் போச்சு"ங்குறான்.

சன்னாசி வெளிய வரல. உள்ள இருந்தே கேட்டான்.

"அண்ணே."

"என்னடா?"

"என் வண்டியும் இப்படித்தானண்ணே இருந்துச்சு. இந்த எடத்துலதான கொதிச்சுச்சு. ஹேண்ட்பிரேக் லீவர நான் எறக்கித்தானண்ணே ஓட்டுனேன். உள்ள முடுக்கி இருந்தா நான் எறக்குனாலும் விடாதுல்ல?"

நான் பீடிக்கட்ட எடுத்தேன்.

"உங்களுக்கு அன்னைக்கு அது தெரியலயாண்ணே?"

அந்த ஜக்கையன் இருக்கான் பாருங்க, அவன் குறுக்க விழுந்தான். சிரிச்சுக்கிட்டே, "அண்ணனுக்கும் வயசாச்சுல்ல. தெரிஞ்சிருக்காது, விடப்பா"ன்னான்.

தெரிஞ்சிருக்காது! என்னயப் பாத்து! கழுவிக் குடுக்குறவன் கண்டுபிடிச்சது எனக்குத் தெரிஞ்சிருக்காதாம்! எனக்குக் கண்ணு மண்ணு தெரியல தம்பி. "எனக்காடா தெரியாது? மொத நாளே தெரியும்டா! கை வச்ச உடனே தெரியும்டா எனக்கு!"ன்னு கத்திட்டேன்.

ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

 சன்னாசி மெதுவா நகந்து வெளிய வந்தான். சோப்புப் போட்டுக் கையக் கழுவுனான், முழங்கை வரைக்கும். கட்டைய எடுத்து ஊண்டிக்கிட்டு என் முன்னாடி வந்து நின்னான். அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

"போதுமணி அக்கா அன்னைக்கு வந்து சொன்னது சரிதானாண்ணே?"ன்னான்.

"சரிதான்"னேன். நான் மறைக்கலயே. கேட்டான், சொன்னேன்.

அவ்வளவுதான், போயிட்டான். போலீசு டேசனுக்குப் போவான்னு பாத்தேன். அவன் நேரா அந்தத் தெருவுக்குத்தான் போயிருக்கான். அபிராமி தோட்டத்துல இருந்து வர்ற வரைக்கும் வெயில்ல வாசல்லயே உக்காந்திருந்து, அது வந்ததும் சொல்லியிருக்கான். "ஆத்தா, உங்கம்மா சரியாத்தான் சொல்லியிருக்கு. அவருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல." அந்தப் புள்ள இவனுக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்துச்சாம். ரெண்டு பேரும் அழுதாகளாம். ஊரு சொல்லுச்சு.

மறுநாள் காலையில ஸ்டாண்டுல அபிராமி ஜீப்புல ஏறல. டிரைவருகிட்ட, "அண்ணே, இந்த வண்டி எங்க ரிப்பேரு பாத்தது?"ன்னு கேட்டுச்சு. எங்க ஷெட்டக் கைகாட்டுனான். "அப்ப நான் ஏறல"ன்னு தள்ளி நின்னுக்கிச்சு. அன்னைக்குச் செருப்பக் காமிக்க வந்தப்ப பின்னாடி நின்னாகளே, அந்தப் பொம்பளைகளும் தள்ளி நின்னுக்கிட்டாக. ஒச்சம்மா ஒவ்வொரு ஜீப்பாப் போயிக் கேட்டா. "வண்டி எங்க பாத்தது? வண்டி எங்க பாத்தது?" அம்புட்டு பேரும் எறங்கிட்டாக. ஒரு வாரத்துல ஒரு ஜீப்பு கூட நம்ம ஷெட்டுக்கு வரல தம்பி. டயருக்குக் காத்து அடிக்கக்கூட வரல. எங்க வீட்டுலயும் அவ அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு உத்தமபாளையம் போனவதான். கேட்டா, "நான் அன்னைக்கே சொன்னேன்ல"ங்குறா.

இப்ப அந்தக் கேச மறுபடி கெளறுறாய்ங்க. ஜக்கையன் சாட்சி சொல்றானாம். எனக்குச் சம்மன் வருதாம். வக்கீலப் போயிப் பாத்தேன். கெட்டிக்கார மனுசன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "இதுல ஒண்ணுமே இல்லீங்க. கோபத்துல கத்துனது கணக்குல வராது. கூண்டுல ஏறி, அன்னைக்கு எனக்குக் கோளாறு என்னன்னு தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்கிருங்க. தெரியாதது குத்தமாகாது. உங்கள யாரும் ஒண்ணும் செய்ய முடியாது"ங்குறாரு.

ஒரு வார்த்தைதான். எனக்கும் புரியுது. வீட்டுல தனியா உக்காந்து சொல்லிப் பாத்தேன். வாய் வரைக்கும் வருது, அங்கனயே நின்னுக்கிருது. கோர்ட்டுல ஜக்கையன் உக்காந்திருப்பான். சன்னாசி உக்காந்திருப்பான். டிரைவருக அம்புட்டுப் பேரும் உக்காந்திருப்பாய்ங்க. அவ்வளவு பேருக்கு முன்னாடி, ஒரு ஹேண்ட்பிரேக் பிடிச்சிருக்குறது எனக்குத் தெரியலன்னு நான் சொல்லணுமாம்.

அதான் பைய எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

நீங்க படிச்சவுகளா இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க தம்பி. அந்த வார்த்தைய எப்படிச் சொல்றது? முப்பத்தோரு வருசம் தம்பி. எனக்குத் தெரியாமலா?